நார்த்தாமலையில் வெளிச்சத்தை அளந்த கோடை

வெயிலில் வெகுநேரம் வைத்துவிட்டு எடுத்தால் கண்ணாடியின் மரச்சட்டத்திலிருந்து வார்னிஷ் இளகி ஒரு வாடை வரும். பாதி மருந்து வாடை, பாதி வெல்லப்பாகு காய்ந்த வாடை, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். என் பதின்மூன்றாவது வயதுக் கோடை முழுவதும் என் கையிலும் பாவாடையிலும் அந்த வாடைதான் இருந்தது. என்னைப் பெற்ற ஆத்தா மோப்பம் பிடித்துவிடுவாளோ என்று பயந்து, கேட்பாரில்லாமல் கிடந்த சீயக்காய்த் தூளையெல்லாம் அள்ளிக் கையில் தேய்த்துத் தீர்த்தேன். இந்தப் பெண் திடீரென்று இவ்வளவு சுத்தக்காரியாகி விட்டதே என்று வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராதது அன்றைக்கு எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

அந்தக் கண்ணாடி காமாட்சி அத்தைக்குச் சீராகக் கொடுத்தது. அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. வல்லத்திராக்கோட்டையில் வாக்கப்பட்டு, இரண்டு வருஷம் நிறைவதற்குள் புருஷனை விஷக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, கொண்டுபோன சாமான்களோடு நார்த்தாமலையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்தக் கோடையில் அவளுக்கு வயது இருபத்திரண்டுதான். அண்டாவும் குடமும் வந்த மறுநாளே புழக்கத்துக்கு இறங்கிவிட்டன. கண்ணாடி மட்டும் இறங்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி தாலியறுத்தவள் "மொகம் பாக்கக் கூடாது". ஆகவே, ஆளுயரத்தில் பாதி இருந்த அந்தக் கண்ணாடியைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, உள்ளறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். சுவர் மூன்று வருஷமாகத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அத்தை கேலி பேசுவாள். அவளுக்கு வாய் அதிகம். அழ வேண்டியவள் இப்படிச் சிரிக்கிறாளே என்பது ஊரில் பலருக்கு ஒரு குறையாகவே இருந்தது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. இளம் வயதில் தாலியறுத்த பெண்களைப் படிக்க வைத்து வாத்திச்சி ஆக்கலாம் என்ற பேச்சு டவுனில் அடிபட ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர் ரோட்டோரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, கடைக்குச் சரக்கு எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை கல்யாணத்துக்கு முன்பு எட்டாவது தேறியிருந்தாள். ஆனி மாதம் அவளைப் புதுக்கோட்டையில் "டிரெயினிங்" சேர்ப்பது, அங்கேயே விடுதியில் தங்கிப் படிப்பது என்று அப்பா முடிவு செய்து, வல்லத்திராக்கோட்டைக்கு நாலு தடவை நடந்து அத்தையின் மாமனாரிடமும் சம்மதம் வாங்கிவிட்டார். வேண்டாவெறுப்பாகக் கொடுத்த சம்மதம்தான், ஆனாலும் சம்மதம். அத்தைக்கு ஒரு தகரப் பெட்டிகூட வாங்கியாயிற்று. அதைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பதே அவளுக்கு ஒரு வேலை.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் அந்தப் பௌதிகப் புத்தகம் வந்தது. நான் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். லீவு விட்ட அன்றைக்கு மேல்வகுப்பு அக்கா ஒருத்தியிடம் அவளுடைய பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிவந்தேன். வந்தவுடன் நான் அதைப் பரணில் எறிந்துவிட்டுப் புளியங்காய் பறிக்கப் போய்விட்டேன். எடுத்துப் படித்தவள் அத்தைதான். ஒளி ஒரு வினாடியில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல் போகிறது என்று அதில் போட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு சின்னப் படம்: ஒரு பல்சக்கரம், ஒரு விளக்கு, வெகு தூரத்தில் ஒரு கண்ணாடி. பிரான்சு தேசத்தில் ஒருவர் இப்படித்தான் அளந்தாராம்.

அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏ புள்ள, வெளக்கை ஏத்துனா வீடெல்லாம் வெளிச்சமாயிருது. அதுக்கும் ஒரு பயணம் இருக்குன்னு போட்ருக்கான் பாத்தியா? அப்ப, அது கெளம்பி இன்னும் வந்து சேராத ஒரு நேரம் இருக்கணும்ல?" என்றாள். அந்த நேரத்தைப் பிடிப்பதற்காக அடுப்படியில் என்னைத் தீக்குச்சி கிழிக்கச் சொல்லிவிட்டு, கொல்லைக் கடைசியில் போய் நின்றுகொண்டு பார்ப்பாள். ஒரு பெட்டித் தீக்குச்சி காலியானதும் ஆத்தா இரண்டு பேரையும் விளக்குமாற்றோடு விரட்டினாள்.

எங்கள் ஊரில் கல்லுடைக்கிற சத்தத்துக்குப் பஞ்சமில்லை. தூரத்துப் பாறையில் ஒருவர் சம்மட்டியை இறக்குவது முதலில் தெரியும். அவர் மறுபடி ஓங்குகிற நேரத்தில்தான் "டங்" என்ற சத்தம் வந்து சேரும். நான் அதைக் காட்டி, இதே மாதிரி வெளிச்சத்தையும் அளந்துவிடலாமே என்றேன். அத்தை யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சத்தம் பிந்தி வருகிறது என்பது நமக்கு எப்படித் தெரிகிறது, கண் முந்திக்கொண்டு சேதி சொல்லிவிடுவதால்தானே? வெளிச்சத்துக்கு முந்திப் போய் "அது வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்ல ஆள் யார் இருக்கிறார்கள்? அதனால் அது போன இடத்திலிருந்து நம்மிடமே திரும்பி வரவேண்டும். போனதையும் வந்ததையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கவேண்டும். இதை அவள் மாவாட்டிக்கொண்டே சொன்னாள். பின்னாளில் நான் கல்லூரியில் பௌதிகம் படித்தபோது இதே விஷயத்தை ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தது ஆட்டுக்கல் சத்தத்தைத்தான்.

மறுநாள் ஜமுக்காளத்துக்குள்ளிருந்து கண்ணாடி வெளியே வந்தது. கண்ணில் படாமல் அதைக் கொண்டுபோக ஒரே வழி அழுக்குத் துணி மூட்டை. மலையடிக் குளத்தில் துணி துவைத்துப் பாறைச் சரிவில் காயப்போடுவது எங்கள் வீட்டில் அத்தையின் வேலை. மூட்டைக்கு நடுவே கண்ணாடியை வைத்துக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் அதை உள்ளறையில் பழையபடி சுற்றி நிறுத்துவது என் பொறுப்பு. நான் கொல்லைக் கடைசியில், சின்ன முகக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அரை மைலுக்கு அப்பால் பாறையில் அத்தையின் வெள்ளைப் புடவை தெரியும். நான் சூரியனைப் பிடித்து அவள் பக்கம் அடிக்கவேண்டும். அதைக் கண்டதும் அவள் தன் கண்ணாடியை மூடியிருக்கும் சாக்கை விலக்கி என் பக்கம் திருப்பி அடிக்கவேண்டும். கண்ணாடியைத் தன் நெஞ்சோடு சாய்த்து, முதுகுப் பலகை தன் பக்கமாகவும் முகம் ஊர்ப் பக்கமாகவும் பிடித்துக்கொள்வாள். "நான் எங்கிட்டுப் பாத்தேன்? அதுதான் ஒன்னையப் பாக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் கண்ணாடியில் அவள் ஒரு தடவைகூடத் தன் முகத்தைப் பார்க்கவில்லை. யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இது உண்மை.

முதலில் கிட்டத்தில் நின்று செய்தோம், பிறகு தூரத்தில் போய்ச் செய்தோம். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆயிற்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தை குளத்துக் கரையில் உட்கார்ந்து, ஈரக் கையை மூக்கில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இது வெளிச்சத்தோட நேரம் இல்ல புள்ள, சாக்கைத் தூக்குறேன்ல, அந்தக் கையோட நேரம். கை குறுக்க வரக்கூடாது. அதுக்குத்தான் அந்த மனுசன் பல்லுச் சக்கரத்த வச்சிருக்கான்" என்றாள். ஒரு பல் இடுக்கு வழியாக வெளிச்சம் போகவேண்டும். அது கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதற்குள் சக்கரம் திரும்பி அடுத்த பல் வழியை மறித்துவிட்டால் திரும்பி வந்த வெளிச்சம் தெரியாது. எந்த வேகத்தில் சுற்றும்போது வெளிச்சம் காணாமல் போகிறது என்று பார்த்துவிட்டால் போதும், மிச்சமெல்லாம் வாய்க்கணக்கு. மண்ணெண்ணெய்த் தகரத்தில் வட்டம் வெட்டி, ஓரத்தில் இருபத்து நாலு பல் செதுக்கி, வீட்டில் சும்மா கிடந்த நூல் நூற்கிற ராட்டையின் கதிரில் அதைச் செருகினோம். ராட்டையைச் சுற்றினால் தகரச் சக்கரம் வண்டு மாதிரி இரைந்தது.

இனி அவள் கண்ணாடியை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். நான் என் முகக் கண்ணாடியைக் கல்லில் சாய்த்து வைத்து, சூரியனைப் பல் இடுக்கு வழியே அவளுக்கு அனுப்பி, திரும்பி வருகிற பொட்டு வெளிச்சத்தை அதே இடுக்கு வழியே பார்த்துக்கொண்டு ராட்டையைச் சுற்றினேன். தோள்பட்டை கழன்று விழுகிற வரை சுற்றினேன். அந்தப் பொட்டு மறையவே இல்லை. மாலையில் அதைச் சொன்னபோது அத்தையின் முகத்தில் ஏமாற்றமே காணோம். "அம்புட்டு வேகமா போவுதா அது! நாளைக்கு இன்னும் வேகமாச் சுத்து" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

பெரிய கண்ணாடியைச் சரியாக என் பக்கம் திருப்புவது லேசான வேலை இல்லை. திருப்புகிற நேரத்தில் அதுவும் சூரியனைப் பிடித்துவிடும். வெளிச்சம் குளத்தங்கரையில் ஓடி, கோயில் மதிலில் ஏறி, ரோட்டில் இறங்கிப் போகும். ரோட்டில் ஒரு டீக்கடை இருந்தது. கல் ஏற்றுகிற லாரிகள் அங்கே நிற்கும். ஒருநாள் காலையில் அந்த வெளிச்சம் டீக்கடை வாசலில் நின்ற ஒரு டிரைவர் முகத்தில் விழுந்திருக்கிறது. மறுநாளும் அதே இடத்தில் விழுந்திருக்கிறது. அந்த ஆள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்திருக்கிறார். பார்த்தவரைப் பத்துப் பேர் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு வெள்ளைப் புடவை தெரிந்தது. அந்த டிரைவர் யார், எந்த ஊர், இளவட்டமா கிழவரா என்பதுகூட எனக்கோ அத்தைக்கோ தெரியாது. ஆனால் அன்று மாலைக்குள், தாலியறுத்த காமாட்சி தன் சீர்க் கண்ணாடியை மலைக்குக் கொண்டுபோய் "கண்ணாடி காட்டி" ஆள் கூப்பிடுகிறாள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

மறுநாளே அத்தையின் மாமனார் வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்துக் கண்ணாடியை நடுவில் வைத்திருந்தார்கள். துணிக்குள் ஒளித்துக் கொண்டுபோனதே போதாதா என்று கேட்டார் மாமனார். அத்தை கதவோரம் நின்றபடி தலைநிமிர்ந்து, "வெளிச்சத்தோட வேகத்த அளந்தோம் மாமா" என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ராட்டையையும் தகரச் சக்கரத்தையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, படத்தைக் காட்டி, நான்தான் கீழே உட்கார்ந்து சுற்றினேன் என்று மூச்சுவாங்கச் சொன்னேன். "சின்னப் புள்ளையையும் சேத்துல்ல கெடுத்துருக்கா" என்றார் பெரியவர். "வெளக்கை ஏத்துனா வெளிச்சம், ஊதுனா இருட்டு. இதுல வேகம் எங்கிட்டு இருந்து வந்துச்சு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா?" என்றார் மாமனார். வேறு எந்தச் சாக்கு சொல்லியிருந்தாலும், பாம்பு விரட்டினோம் என்று சொல்லியிருந்தால்கூட, அவர்கள் நம்பியிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். உண்மை அந்த வீட்டுக் கூடத்தில் நம்ப முடியாததாக இருந்தது.

அப்பா மட்டும் புத்தகத்தை மறுபடி மறுபடி புரட்டினார். தங்கையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. "இருங்க. புதுக்கோட்டையில எம் மகளோட டீச்சர் இருக்காங்க. அவுககிட்டக் கேப்போம். இது நெசமா நடக்குற காரியமான்னு அவுக சொல்லட்டும்" என்றார். மாமனார் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: எதற்காகக் கேட்கிறோம் என்று மூச்சுவிடக் கூடாது, குடும்ப மானத்தை டவுனில் கடைபரப்ப முடியாது. அத்தை எனக்கு அவசரமாகத் தலைவாரிவிட்டாள். டீச்சர் படித்தவர்கள், படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்வார்கள் என்று அவள் முழுதாக நம்பினாள். நானும் நம்பினேன்.

அப்பாவும் அத்தையின் மாமனாரும் நானும் பஸ்ஸில் போய் இறங்கி டீச்சர் வீட்டை அடைந்தோம். டீச்சர் தங்கமானவர், எல்லாரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அப்பா தகரச் சக்கரத்தை நீட்டி, இதை ராட்டையில் மாட்டி, மலையில் ஒரு கண்ணாடியை வைத்து, வெளிச்சத்தின் வேகத்தை அளக்க முடியுமா என்று கேட்டார். டீச்சர் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, ஆசையில் வந்த சிரிப்பு. "இதை வச்சு அளக்க முடியாதுங்க. சின்னப் புள்ளைக வெளையாட்டு" என்றார்.

நான் எழுந்து நின்று, "டீச்சர், வெளிச்சத்துக்கு வேகம் இருக்குதானே?" என்று கத்தினேன். "இருக்கும்மா. ரொம்ப வேகம். அதனாலதான் உன் ராட்டையால முடியாது" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். சோதனை பலிக்கவில்லை என்று இந்தப் பெண் அழுகிறாள் என நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. உள்ளே போய் எனக்கு ஒரு பென்சில் எடுத்துவந்து கொடுத்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறு கிடையாது. மாமனார் அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு வேண்டியது "முடியாது" என்ற ஒரு வார்த்தைதான். அதை ஒரு படித்தவர் வாயாலேயே கேட்டாயிற்று. திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் தகரச் சக்கரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டதோ என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. எல்லாவற்றிலும் எனக்கு வலித்தது அதுதான்.

டிரெயினிங் பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டாம் நாள் வண்டி கட்டி அத்தையை வல்லத்திராக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புதுத் தகரப் பெட்டியில்தான் ஆத்தா அவளுடைய துணிமணிகளை அடுக்கினாள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அத்தை என்னைத் தனியே இழுத்துக் கேட்டது தன் தலையெழுத்தைப் பற்றி இல்லை. "ஏன் முடியாதுன்னாங்க? தூரம் பத்தலையா, பல்லு பத்தலையா?" என்றாள். தெரியாது அத்தை என்று சொல்லிவிட்டு அழுதேன். வாயாடி அத்தை அன்று சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வண்டிக்குள் ஏறி முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

என் படிப்பையும் நிறுத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. அப்பா அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொல்லையும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரிக்குப் போய், பௌதிகம் படித்து, அறுபதுகளின் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆனேன். நான் அடைந்ததெல்லாம் அத்தை தன் படிப்பை விலையாகக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தது என்றே நினைக்கிறேன். இடைப்பட்ட வருஷங்களில் கல்யாணம் காட்சி எதற்கும் அவளை வெளியே விடவில்லை. அவள் மாமனார் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடிந்தது.

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் தலை நரைத்து, நெஞ்சுச் சளியால் பேச முடியாமல் இளைத்துப் போயிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொள்ளவே சிறிது நேரமாயிற்று. நான் கையோடு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நம் ராட்டை போதாது அத்தை, அரை மைல் தூரத்துக்கும் இருபத்து நாலு பல்லுக்கும் சக்கரம் ஒரு நொடியில் ஏறக்குறைய நாலாயிரம் சுற்று சுற்றியிருக்க வேண்டும்; அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு அஞ்சு மைலுக்கு மேல் தூரமும் எழுநூற்றுச் சொச்சம் பல்லும் இருந்தன என்று சொன்னேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்கிறாளா தூங்குகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப, ரெண்டுமே பத்தலை" என்றாள் கடைசியில்.

"ஆமா அத்தை. ஆனா நீங்க செஞ்ச முறை சரி. அதே முறைதான்."

"முறை சரியா?"

"சரி அத்தை."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அத அவுககிட்டச் சொன்னியா?" என்றாள்.

மாமனார் இறந்திருந்தார். ஊர்ப் பெரியவர் அதற்கு முந்தியே போய்விட்டார். அப்பா நான் கல்லூரி முடிக்கிற வருஷம் மாரடைப்பில் போனார்; தங்கை சொன்னது மெய்யா பொய்யா என்று தெரியாமலேயே போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அத்தையும் போய்விட்டாள்.

இப்போது நார்த்தாமலைக்குப் போனால் எங்கள் கொல்லை இருந்த இடத்தில் யாரோ சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். டீக்கடை இல்லை, அகலப்படுத்திய ரோடு அதை விழுங்கிவிட்டது. அத்தை நின்ற சரிவு எது என்று பேத்திக்குக் காட்டக் கையை நீட்டினேன். குளத்துக்கு மேலே பாதிப் பாறையை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள், எனக்கே அடையாளம் தெரியவில்லை. பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தில் மேசை மேலேயே வெளிச்சத்தின் வேகத்தை அளந்துவிடும் கருவி இருக்கிறதாம், கால் மணி நேர வேலையாம். அளந்து பார்த்த பெண்களுக்கு அங்கே மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

நான் சொல்லவில்லை, அத்தை. சரி என்று சொல்கிற படிப்பு எனக்கு வந்தபோது, தப்பு என்று சொன்னவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.